ரெண்டர் செய்த பனோரமாவில் கிளிக் இணைப்பு வைப்பது எப்படி

பனோரமா ரெண்டரில், அதாவது முப்பரிமாண மென்பொருள் வரைந்து தரும் 360 டிகிரி படத்தில், கதவைத் தொட்டால் அடுத்த அறை திறக்க வேண்டும். இதற்கான வசதியைப் பலரும் முதலில் ரெண்டர் மென்பொருளின் மெனுக்களில்தான் தேடுகிறார்கள். பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளிலிருந்து வெளியே வருவது வெறும் படம். அந்த ஜேபெக் கோப்புக்குள் இணைப்பு எதுவும் உட்காராது. படத்தைச் சுழற்றிக் காட்டும் வியூவர்தான், குறிப்பிட்ட திசையில் ஒரு பொத்தானை (ஹாட்ஸ்பாட்) மிதக்க விடுகிறது. அதனால் இங்கே தேவைப்படுவது படத்தின் பிக்சல் அல்ல, கேமராவிலிருந்து பார்க்கும் கோணம். இந்தக் கோணங்கள் கேமராவை நிறுத்தும்போதே முடிவாகிவிடுகின்றன என்பதால் வேலையையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

கீழே உள்ளவை பிளெண்டரையும் பனெல்லம் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் வியூவரையும் வைத்து எழுதப்பட்டவை. வேறு மென்பொருளில் மெனு மாறும், கணக்கு மாறாது.

கேமராவும் ரெண்டரும்

ரெண்டர் எஞ்சின் சைக்கிள்ஸ். கேமராவின் லென்ஸ் வகையைப் பனோரமிக் என்று மாற்றி, அதன் கீழே உள்ள பனோரமா வகையை ஈக்விரெக்டாங்குலர் (முழுச் சுற்றையும் ஒரு செவ்வகப் படமாக விரிப்பது) ஆக்குங்கள். இரண்டாவதை மறந்தால் வட்டமான மீன்கண் படம் வர வாய்ப்புண்டு. கேமராவின் உயரம் தரையிலிருந்து 1.6 மீட்டர். சுழற்சியில் எக்ஸ் மிகச் சரியாக 90, ஒய் 0, இசட் 0. எக்ஸ் 88 என்று இருந்தால்கூடப் பார்வையாளர் சுற்றிப் பார்க்கும்போது தொடுவானம் அலைபோல ஏறி இறங்கும்.

எல்லா அறைகளிலும் கேமரா ஒரே திசையைப் பார்க்கட்டும். ‘இந்த அறையில் ஜன்னல் பக்கம், அந்த அறையில் சோபா பக்கம்’ என்று திருப்பி வைக்கத் தோன்றும், வேண்டாம். தொடக்கப் பார்வையை வியூவரிலேயே தனியாகச் சொல்லிவிடலாம். திசை ஒன்றாக இருந்தால் பின்னால் வரும் கணக்கில் பாதி தானாகக் கழிந்துவிடும்.

படத்தின் அகலம் உயரத்தைப் போல இரு மடங்கு இருக்க வேண்டும். 4096×2048 அளவில் 100 டிகிரி பார்வைக்கு 1138 பிக்சல்தான் கிடைக்கும், பெரிய திரையில் மங்கலாகத் தெரியும். 8192×4096 என்றால் 2276. அதற்கு மேல் போனால் கைபேசிகள் திணறும். 8192×4096 படமே பிரித்து ஏற்றும்போது கிராபிக்ஸ் நினைவகத்தில் 128 எம்பி பிடிக்கிறது. பழைய கைபேசிகள் பலவற்றில் 4096 அகலமே உச்சவரம்பு, எனவே அந்த அளவிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சேமிக்க ஜேபெக், தரம் 85 முதல் 90. பிஎன்ஜி வீண் சுமை.

எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) எல்லாக் காட்சிக்கும் ஒன்றாக இருக்கட்டும், இல்லையென்றால் ஒவ்வொரு கிளிக்கிலும் அறை பளிச்சென்று மாறும். ரெண்டருக்குப் பின் படத்தைத் திருத்தும் கம்போசிட்டரில் கிளேர் (விளக்கைச் சுற்றிய ஒளிப்பரவல்) சேர்த்தால், அந்த ஒளி படத்தின் விளிம்போடு நின்றுவிடும். இடது விளிம்பும் வலது விளிம்பும் சந்திக்கும் இடத்தில் செங்குத்துக் கோடு தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கோணத்தைக் கண்டுபிடிப்பது

வியூவருக்கு இரண்டு எண்கள் போதும். யா என்பது இடவலக் கோணம்: படத்தின் நடு 0, வலப்பக்கம் 180 வரை, இடப்பக்கம் -180 வரை. பிட்ச் என்பது மேல்கீழ்க் கோணம்: தொடுவானம் 0, உச்சி 90, காலடி -90.

படத்திலிருந்து எடுப்பதானால், இடமிருந்து எத்தனையாவது பிக்சல் என்பதைப் படத்தின் அகலத்தால் வகுத்து, 0.5 கழித்து, 360 ஆல் பெருக்கினால் யா. மேலிருந்து எத்தனையாவது பிக்சல் என்பதை உயரத்தால் வகுத்து, அதை 0.5இலிருந்து கழித்து, 180 ஆல் பெருக்கினால் பிட்ச். 8192×4096 படத்தில் கதவுப்பிடி 5120, 2304 என்ற புள்ளியில் இருந்தால் யா 45, பிட்ச் -11.25.

அடுத்த கேமரா நிற்கும் இடத்துக்கு நேர் கீழே, தரையில் அம்புக்குறி வைப்பதுதான் நடப்பதற்கு இயல்பாக இருக்கும். அந்தப் புள்ளி படத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் காட்சியின் ஆயங்களிலிருந்தே கணக்கிடுங்கள். அடுத்த கேமரா எக்ஸ் அச்சில் 3 மீட்டர், ஒய் அச்சில் 4 மீட்டர் தள்ளி இருந்தால் தரைத் தூரம் 5 மீட்டர். எக்ஸ் வித்தியாசத்துக்கும் ஒய் வித்தியாசத்துக்கும் ஆர்க்டேன் (நீளங்களிலிருந்து கோணம் தரும் கணக்கு) எடுத்தால் யா 36.9. உயரம் 1.6 மீட்டர் கீழே, எனவே பிட்ச் -17.7. இரண்டு மதிப்புகள் வாங்கும் ஆர்க்டேனையே (atan2) பயன்படுத்துங்கள். வெறும் வகுத்தலில் முன்பக்கமும் பின்பக்கமும் குழம்பிவிடும். கேமராவை இசட் அச்சில் திருப்பியே ஆக வேண்டுமென்றால் அந்த டிகிரியை யாவோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் இணைப்புக்குத் தனிக் கணக்கு தேவையில்லை. எல்லாக் கேமராவும் ஒரே திசை, ஒரே உயரம் என்றால் யாவில் 180 கழித்தால் போதும்: -143.1. பிட்ச் அதே -17.7. விடை -180க்குக் கீழே போனால் கழிப்பதற்குப் பதில் 180 கூட்டுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு, பனெல்லத்தில் ஹாட்ஸ்பாட் டீபக் என்ற அமைப்பை ட்ரூ ஆக்கிவிட்டு பிரவுசரின் கன்சோலைத் திறந்து படத்தில் கிளிக் செய்தால் இரண்டு எண்களும் அங்கே வந்து விழும். நாலைந்து இணைப்புக்கு இது நல்ல வழி. இருபது அறைகள் என்றால் கை சலித்துவிடும்.

வியூவரில் எழுதுவது

பனெல்லத்தின் அமைப்புகளில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சீன், அதற்கு ஓர் அடையாளப் பெயர். சீனுக்குள் ஹாட்ஸ்பாட் பட்டியல். ஒவ்வொரு ஹாட்ஸ்பாட்டிலும் பிட்ச், யா, வகை, காட்டும் வாசகம் ஆகியவை இருக்கும். அடுத்த அறைக்குப் போக வகை ‘சீன்’, கூடவே சேரும் சீனின் அடையாளப் பெயர். வெளி இணையப் பக்கத்துக்கு வகை ‘இன்ஃபோ’, கூடவே முகவரி.

பெரும்பாலோர் விட்டுவிடுவது டார்கெட் யா, அதாவது புதிய அறை எந்தத் திசையைக் காட்டித் திறக்க வேண்டும் என்பது. அதைக் கொடுக்காவிட்டால் புதிய அறை அதன் தொடக்கப் பார்வையில் திறக்கும். கதவு வழியாக நேரே நடந்தவர் திடீரெனச் சுவரைப் பார்த்து நிற்பார். டார்கெட் யாவுக்கு ‘சேம்’ என்று கொடுங்கள், பார்த்த திசை அப்படியே தொடரும். கேமராக்களை ஒரே திசையில் வைத்ததன் பலன் இங்கேதான் கைக்கு வருகிறது. ஏற்கெனவே பல திசைகளில் ரெண்டர் செய்துவிட்டீர்களா? ஒவ்வொரு சீனுக்கும் நார்த் ஆஃப்செட் (படத்தின் நடு வடக்கிலிருந்து எத்தனை டிகிரி விலகியுள்ளது என்பது) குறித்துவிட்டு ‘சேம் அஸிமத்’ என்று எழுதலாம்.

வேலை செய்யாதபோது

வியூவர் உள்ள வலைப்பக்கக் கோப்பை இருமுறை கிளிக் செய்து திறந்தால் படமே வராமல் போகலாம். உள்ளூர்க் கோப்பிலிருந்து படத்தை இழுக்க பிரவுசர் பாதுகாப்புக் காரணமாக அனுமதிப்பதில்லை. பைதானோடு வரும் சிறு வெப் சர்வரை அந்த ஃபோல்டரில் ஓடவிட்டு அதன் வழியாகத் திறங்கள்.

படம் வருகிறது, பொத்தான் மட்டும் இல்லையென்றால் எழுத்துகளைப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்ஸ் என்ற சொல்லில் ‘ஸ்பாட்ஸ்’ தொடங்கும் எஸ் பெரிய எழுத்து. அது சிறியதாக இருந்தால் பிழைச்செய்தி எதுவும் இல்லாமலே பட்டியல் ஒதுக்கப்பட்டுவிடும். படக் கோப்பின் பெயரிலும் இதே கவனம் வேண்டும். விண்டோஸில் ஓடியது லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் 404 (கோப்பு இல்லை) என்ற பிழை தருவது இதனால்தான்.

பொத்தான் திரையின் இடது மேல் மூலையில் போய் ஒட்டிக்கொண்டால், நீங்கள் எழுதிய சிஎஸ்எஸ் அனிமேஷன்தான் காரணம். பனெல்லம் பொத்தானை நகர்த்துவதே டிரான்ஸ்ஃபார்ம் என்ற சிஎஸ்எஸ் பண்பு மூலம். அதே பண்பில் துடிப்பு அனிமேஷன் வைத்தால் இடம் அழிந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மில் டிரான்சிஷன் (மாற்றத்தை மெல்ல நிகழ்த்துவது) வைத்தால் படத்தின் பின்னால் பொத்தான் தாமதமாக இழுபடும். துடிப்பைப் பொத்தானுக்குள் இருக்கும் துணை உறுப்பில் வையுங்கள். அப்போதே தொடும் பரப்பை 44 பிக்சலுக்குக் குறையாமல் ஆக்கிவிடுங்கள். இயல்பாக வரும் சின்னம் விரலுக்குச் சிறியது.

மார்சிபானோ என்ற வேறொரு வியூவருக்கு மாறுபவர்கள் கோணங்களை அப்படியே ஒட்ட வேண்டாம். அது டிகிரியில் அல்ல, ரேடியனில் கணக்கிடுகிறது.