பஃபர் வாசிப்பு நிரலை மறுஆய்வு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், கோப்புகளைப் பஃபர் (படித்த பைட்களைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதி) வழியாக விரைவாகப் படிப்பதற்கென்று சி மொழியில் எழுதப்படும் ஒரு நிரலகத்தை இப்போது மறுஆய்வு செய்து வருகிறார்கள். மாறியின் பெயர், உள்தள்ளல், விடுபட்ட குறிப்புரை என்று எதையும் அவர்கள் விடுவதில்லை; ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் நான் எந்த வரிகளுக்கு யோசிக்காமல் ஒப்புதல் கொடுத்தேனோ, அதே வகை வரிகளுக்கு அவர்களும் ஒப்புதல் கொடுப்பதைப் பார்த்ததால் இதை எழுதுகிறேன். திறந்த கோப்பை மூட மறப்பது போன்றவற்றைப் பகுப்பாய்வுக் கருவிகளே பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு பைட்டைச் ‘சார்’ மாறியில் வாங்குவது

ஒவ்வொரு பைட்டாகப் படித்துத் தரும் செயற்கூறு, கோப்பின் முடிவைப் பொதுவாக -1 என்று சொல்லும். அதை ஒரு பைட் அளவுள்ள ‘சார்’ மாறியில் வாங்கினால், 255 என்ற பைட்டும் சில கணினிகளில் -1 ஆகி, கோப்பின் முடிவாகத் தோன்றும். ‘சார்’ குறியற்றதாக இருக்கும் ஏஆர்எம் லினக்ஸ் போன்றவற்றில் முடிவே வராமல் மடக்கு சுழன்றுகொண்டிருக்கும். ‘இன்ட்’ மாறியில் வாங்க வேண்டும்.

குறைவாக வந்ததை முடிவு என்று கொள்வது

கோப்பிலிருந்து பைட்களை வாங்க இயங்குதளத்தை அழைக்கும் ‘ரீட்’ என்ற சிஸ்டம் கால் தரும் விடை மூன்றே வகைதான். நேர் எண் வந்தால் அத்தனை பைட் கிடைத்தது என்று பொருள். 0 வந்தால் கோப்பு முடிந்தது. -1 வந்தால் பிழை. கேட்டதைவிடக் குறைவாக வந்தால் கோப்பு முடிந்துவிட்டது என்ற விதி எங்குமே இல்லை. இருந்தும், வந்த எண்ணிக்கை பஃபரின் அளவைவிடக் குறைவாக இருந்தால் உடனே முடிவுக் கொடியை ஏற்றிவிடும் வரியை இன்றும் காண்கிறேன். எழுதியவரைக் கேட்டால், கடைசியில் ஒரு சிஸ்டம் கால் மிச்சமாகிறது என்று சொல்கிறார்.

அந்த ஒரு அழைப்பு மிச்சமானதற்கு நாங்கள் கொடுத்த விலையைச் சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை செய்த இடத்தில், பதிவுக் கோப்புகளை இரவுதோறும் படித்துத் தொகுப்புக் கணக்கு எடுக்கும் நிரல் ஒன்று இருந்தது. அதன் பஃபர் 131,072 பைட். சோதனைகள் எல்லாம் வட்டில் இருக்கும் சாதாரணக் கோப்புகளை வைத்தே எழுதப்பட்டிருந்ததால் எல்லாமே தேறின. பிறகு வட்டில் இடம் போதாமல் பதிவுகளை ஜிஜிப் முறையில் சுருக்கி வைத்து, விரித்த வெளியீட்டைப் பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் குழாய்) வழியாக அந்த நிரலுக்கு அனுப்பத் தொடங்கினோம். லினக்ஸில் ஒரு பைப்பின் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட். மேலும், படிக்கும் வேளையில் அதில் எவ்வளவு இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு ‘ரீட்’ திரும்பிவிடும். ஆகவே முதல் அழைப்பிலேயே குறைவாக வந்தது. எங்கள் நிரல் கோப்பு முடிந்ததாகக் கருதி, கையில் இருந்த அந்தச் சிறு பகுதிக்கு மட்டும் கணக்கு எழுதி, வெற்றி என்று 0 திருப்பித் தந்தது. விரிக்கும் நிரல் மறுமுனை மூடப்பட்டதால் சிக்பைப் சிக்னலில் மடிந்தது. ஆனால் வரிசையில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லவைக்கும் ‘பைப்ஃபெயில்’ தெரிவை அமைக்காத ஷெல் (கட்டளைகளை இயக்கும் நிரல்), வரிசையின் கடைசி நிரலின் விடையை மட்டுமே பார்க்கும். இப்படி மூன்று வாரக் கணக்கு தவறாகப் போனது. அத்தனையையும் மீண்டும் எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வரியை மறுஆய்வு செய்தவன் நான். மாறியின் பெயரை மாற்றச் சொல்லி அதன் அருகிலேயே குறிப்பு எழுதியிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

சாதாரணக் கோப்பில் இப்படி நடக்காது என்று வாதிடுவோர் உண்டு. பெரும்பாலும் நடக்காதுதான். ஆனால் லினக்ஸில் ஒரே அழைப்பில் அதிகபட்சம் 2,147,479,552 பைட்டே வரும்; எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும் கோப்பில் குறைவாக வந்தபின் மேலும் வரலாம்; எல்லாவற்றுக்கும் மேலாக, தரப்பட்ட கோப்பு எண்ணுக்குப் பின்னால் வட்டு இருக்கிறதா, பைப் இருக்கிறதா, முனையம் இருக்கிறதா என்பதை அழைப்பவர்தான் தீர்மானிக்கிறார், நிரலகம் அன்று.

இதைத் திருத்தச் சொன்னால், பஃபர் நிரம்பும்வரை ‘ரீட்’டை மடக்கில் அழைத்துக் கொண்டுவருகிறார்கள். அதுவும் தவறு: முனையத்தில் ஒருவர் ஒரு வரி தட்டிவிட்டுக் காத்திருக்க, நிரலோ பஃபர் நிரம்பவில்லை என்று காத்திருக்கும். நிரப்பும் செயற்கூறு ஒருமுறை மட்டும் ‘ரீட்’டை அழைத்து, வந்ததைக் கொடுக்க வேண்டும், சிக்னல் குறுக்கிட்டு எதுவும் வராமல் திரும்பினால் மட்டும் மீண்டும் அழைக்கலாம், 0 வந்தால் மட்டுமே முடிவு. இத்தனை பைட் கட்டாயம் வேண்டும் என்போருக்குத் தனிச் செயற்கூறு இருக்கட்டும். மறுஆய்வில் நான் இப்போது முதலில் கேட்பது, ஒவ்வொரு அழைப்பிலும் ஒரே ஒரு பைட் தரும் போலி ‘ரீட்’டை வைத்து எல்லாச் சோதனைகளும் ஓடுகின்றனவா என்பதைத்தான். அப்படி மாற்றிப் பொருத்த வழியில்லாத நிரலகத்தைத் திருப்பி அனுப்ப எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

பஃபரின் விளிம்பைச் சோதிக்காமல் விடுவது

எழுத்துகளைப் பைட்களாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். பஃபர் 4,096 பைட் என்று வைத்துக்கொண்டால், அதை 3 ஆல் வகுத்தால் 1 மிஞ்சும். எனவே இடைவெளியே இல்லாத தமிழ் உரையில் 1,366ஆவது குறியீட்டின் முதல் பைட் ஒரு நிரப்பலிலும் மற்ற இரண்டும் அடுத்த நிரப்பலிலும் விழும். ஆங்கில உரையை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இது ஒருநாளும் தெரியவராது. விண்டோஸ் கோப்புகளில் வரிமுறிவின் இரண்டு பைட்களும் இதேபோல் பிரிந்து விழக்கூடும். பஃபரின் அளவை வெளியிலிருந்து மாற்ற வழி செய்து 4, 5, 7 பைட்களில் ஓட்டிப் பார்த்தால் இத்தகைய பிழைகள் சில நொடிகளில் வெளிப்படும்.

உள்ளிருக்கும் சுட்டியின் ஆயுளைச் சொல்லாமல் விடுவது

வரியை நகலெடுக்காமல் பஃபருக்குள்ளேயே சுட்டி கொடுப்பதுதான் இத்தகைய நிரலகத்தின் வேகத்துக்கு ஒரு முக்கியக் காரணம். அதைத் தடுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த வரியைக் கேட்டவுடன் பழைய சுட்டி செல்லாது என்பதைத் தலைப்புக் கோப்பிலேயே எழுத வேண்டும். நினைவகம் விடுவிக்கப்படாமல் மேலெழுதப்படுவதால், நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவியான அட்ரஸ் சானிட்டைசர் இதைப் பிடிக்காது. சோதனைக் கட்டமைப்பில் ஒவ்வொரு நிரப்பலுக்கும் முன் பஃபரைப் பொருளற்ற பைட்களால் நிரப்பிவிட்டால், தவறாகப் பயன்படுத்துபவருக்கு அன்றே தெரிந்துவிடும்.

இரண்டாம் ஓட்டத்தின் வேகத்தை நம்புவது

ஒரே கோப்பை இரண்டாம் முறை படிக்கும்போது நீங்கள் அளப்பது வட்டை அன்று, முன்பு படித்ததை இயங்குதளத்தின் மையமான கெர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் பக்கத் தேக்கத்தை.

கோப்பின் அளவை முன்கூட்டியே கேட்டு அதையே நம்புவது

லினக்ஸின் ‘ப்ராக்’ அடைவில் இருக்கும் பல கோப்புகள் தம் அளவை 0 என்றே சொல்லும். படித்தால் உள்ளடக்கம் வரும்.