அறுகம்பே போகுமுன் செலவைக் கணக்குப் போடுவது எப்படி? புதிதாகப் போகிறவர்களுக்கு

போன சீசனில் நானும் மச்சானும் இலங்கையின் கிழக்குக் கரையில், சர்ஃபுக்குப் பேர்போன அறுகம்பேயில் மீன் சாப்பிடப் போனோம். வாசலில் ஐஸ் மேல் அடுக்கியிருந்த விளைமீன்களில் ஒன்றைக் காட்டி, "இதைச் சுட்டுத் தாங்க தம்பி" என்றேன். 100 கிராம் 450 ரூபா. பார்வைக்கு ஒரு கிலோ தேறும், 4,500 வரும் என்று மனக்கணக்குப் போட்டேன். பில்லில் 1.6 கிலோ என்று இருந்தது. 7,200 ரூபா, சேவைக் கட்டணம் 720, ஆக 7,920. "நிறுத்துத்தான் போட்டம் அண்ணன்" என்றான் பையன். இருக்கலாம். ஆனால் மீன் அப்போது முள்ளாகக் கிடந்தது. முள்ளை எந்தத் தராசில் வைப்பது?

மட்டக்களப்பு மீன் சந்தையில் பேரம் பேசி வளர்ந்தவனுக்கே இந்தக் கதி. கடைக்காரரைக் கள்ளர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிறுக்கும்போது பக்கத்தில் நிற்காதது நான். அங்கே நாம் ஏமாற்று என்று திட்டுவதில் பாதிக்கு மேல் இப்படித்தான், முதலே கேட்டிருந்தால் வெளியே வந்திருக்கும் தொகை. எதை எப்போது கேட்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: அறைக்கு மொத்தத் தொகையைக் கேளுங்கள்

"ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்வார்கள். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் இனிமேல்தான் சேரும் என்று அர்த்தம். 10,000 ரூபா அறையை எடுத்துக்கொள்வோம். 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து 11,000. அதன் மேல் 18 வீத வற் (பெறுமதி சேர் வரி) 1,980. கையிலிருந்து போவது 12,980. பத்தும் பதினெட்டும் இருபத்தெட்டுத்தானே என்று நினைக்க வேண்டாம், சேவைக் கட்டணத்தின் மேலும் வற் ஏறும். வற்றுக்குப் பதிவு செய்யாத இடம் வற் வாங்க முடியாது. அதனால் பில்லில் வற் இருந்தால் பதிவு இலக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சின்ன விடுதிகளில் வேறு ஒரு பழக்கம். சொல்லும் விலை மின்விசிறி அறைக்கு, ஏ.சி. ரிமோட் வேண்டுமென்றால் தனிக் காசு. எனவே வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்: "இரண்டு பேர், இரண்டு இரவு, ஏ.சி., காலைச் சாப்பாடு, வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை ரூபா?" பதில் வந்ததும் படம் எடுத்து வையுங்கள்.

படி 2: இணையத்தில் பதிவு செய்தபின் வரும் லிங்கைத் தொடாதீர்கள்

"உங்கள் கார்ட்டை உறுதிப்படுத்துங்கள், இல்லாவிட்டால் அறை ரத்தாகிவிடும்" என்று ஹோட்டல் பெயரிலேயே செய்தி வரும். உங்கள் பெயர், தேதி எல்லாம் சரியாக இருக்கும். இருந்தாலும் லிங்கை விட்டுவிட்டு ஹோட்டலுக்கு நேரே போன் எடுங்கள்.

படி 3: பஸ்ஸா, ஓட்டோவா?

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாக, அறுகம்பேக்குப் பக்கத்து ஊரான பொத்துவிலுக்கு பஸ் உண்டு. பொத்துவிலில் இறங்கியதும் "அங்கால பஸ் இல்ல" என்று ஒரு குரல் கேட்கும். அதை ஓட்டோக்காரரிடம் அல்ல, தேத்தண்ணிக் கடைக்காரரிடம் விசாரியுங்கள். ஓட்டோதான் என்றால் ஏறுமுன்: "நானா, மூணு பேர், பேக்கோட சேத்து எவ்வளவு?" ஆளுக்கா, வண்டிக்கா என்பது அதிலேயே தெளிந்துவிடும்.

படி 4: மீனைப் பச்சையாக நிறுங்கள்

என் கதை போதும். கண்முன்னே தராசில் வைத்து, எடையையும் தொகையையும் துண்டில் எழுதி வாங்குங்கள். சோறும் பொரியலும் சேர்த்தா என்றும் கேளுங்கள். சிங்க இறாலுக்கும் நண்டுக்கும் இது இன்னும் முக்கியம்.

படி 5: சர்ஃப் பலகை, ஸ்கூட்டர்

சர்ஃப் பழகும் புதியவர்களை, அலை சின்னதாக வரும் பேபி பொயின்ட்டுக்குக் கூட்டிப் போவார்கள். பாடக் காசில் பலகையும் சட்டையும் அடங்குமா என்று கேளுங்கள். பீனட் ஃபார்ம் போன்ற தூர இடம் என்றால் ஓட்டோவும் காத்திருப்புக் காசும் யார் தலையில்?

பெரிய தகராறு வருவது பலகையைத் திருப்பிக் கொடுக்கும்போது. "இந்த வெடிப்பு உங்களாலதான்" என்பார்கள். வாடகைக்கு எடுக்கும்போதே கடைக்காரரையும் வைத்து, மூக்கு, ஓரம், அடியிலுள்ள துடுப்பு என்று சுற்றிவர வீடியோ எடுங்கள். உடைந்தால் எவ்வளவு என்பதை அவர் வாயாலேயே அந்த வீடியோவில் சொல்லச் செய்யுங்கள். ஸ்கூட்டருக்கும் இதே முறை. பாஸ்போட்டை மட்டும் பிணையாக வைக்க வேண்டாம், பிரதியைக் கொடுங்கள். அசல் அவர் லாச்சிக்குள் இருந்தால், கீறலுக்குக் கேட்ட காசைக் கொடுத்துத்தான் மீட்க வேண்டி வரும்.

படி 6: குமண ஜீப்

குமண தேசியப் பூங்காவுக்கு யானை பார்க்கப் போகும் ஜீப்புக்குப் பேசும் விலையில் பூங்கா நுழைவுச்சீட்டு பெரும்பாலும் அடங்காது. வாசலில் ஆளுக்கான சீட்டு, வாகனக் கட்டணம், குழுவுக்கான சேவைக் கட்டணம், வரி என்று தனித்தனியாக வரும். வெளிநாட்டவருக்கு இந்தத் தொகை பல மடங்கு. நாம் எவ்வளவு தமிழ் பேசினாலும் கையில் கனடாப் பாஸ்போட் இருந்தால் வெளிநாட்டவர்தான். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுவாருங்கள்.

ஜீப்காரரிடம் கேட்க வேண்டியது: அரை நாளா, முழு நாளா? பூங்காவுக்கு உள்ளேதானா, பாணம வீதியோரம் யானை காட்டிவிட்டுத் திருப்புவதா? (வீதியோர யானையும் நல்ல யானைதான், அதற்கு பூங்கா விலை கொடுக்கத் தேவையில்லை.)

படி 7: காசு கொடுக்கும் இடத்தில்

வெளிநாட்டுக் கார்ட் என்றால் ஏ.ரி.எம். "உங்கள் நாட்டுப் பணத்திலா, ரூபாவிலா?" என்று கேட்கும். ரூபாவை அழுத்துங்கள். மற்றதை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் பக்கமே தீர்மானிக்கும், அது உங்களுக்கு நட்டம். கார்ட்டுக்கு மேலதிகமாக 3 வீதம் கேட்கும் கடையில் பணமாகக் கொடுத்துவிடலாம்.

கடையில் தண்ணீர்ப் போத்தலுக்குப் பொறித்த விலைக்கு மேல் கேட்டால் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள். சுற்றுலா சம்பந்தமான முறைப்பாட்டுக்கு 1912. பில் இல்லாமல் அழைத்தால் முதல் கேள்வியே "பில் இருக்கா?" என்றுதான் வரும். மீன் விஷயத்தில் நான் அழைக்கவில்லை. பில்லை மச்சான் கை துடைக்க எடுத்துவிட்டார்.