ஜப்பான்–ஜெர்மனி கூட்டு பிஎச்.டி.: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பான், ஜெர்மனி பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் பிஎச்.டி. பயிற்சியைப் பற்றி என்னிடம் கேட்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிக்கிறார்கள்: "இதுக்கு எங்க அப்ளை பண்ணணும்?" முதல் தவறு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. மாணவர் நேராக விண்ணப்பித்து நிதி வாங்கும் ஏற்பாடு இல்லை இது. ஜெர்மனியில் பேராசிரியர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து பான் நகரில் இருக்கும் டி.எஃப்.ஜி. என்ற ஆராய்ச்சி நிதி அமைப்பிடம் விண்ணப்பிக்கிறார்கள். ஜப்பானில் அவர்களுடைய கூட்டாளிகள் டோக்கியோவில் இருக்கும் ஜே.எஸ்.பி.எஸ். என்ற அதேபோன்ற நிதி அமைப்பிடம் விண்ணப்பிக்கிறார்கள். இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் பரிசீலித்து, இரண்டும் சரி என்றால்தான் திட்டம் பிறக்கும். அதன் பிறகே மாணவர்களுக்கான இடங்கள் அறிவிக்கப்படும். நீங்கள் தேட வேண்டியது அந்த அறிவிப்பை. பணம் தரும் அமைப்பின் படிவத்தைத் தேடி மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தக் காலமெல்லாம் வீண்.

இப்படி நடந்த திட்டங்கள் பல துறைகளில் உண்டு. ஹாலே பல்கலைக்கழகமும் டோக்கியோ பல்கலைக்கழகமும் 2007இல் தொடங்கியது குடிமைச் சமூகத்தின் மாற்றங்களைப் பற்றியது. டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் வசேதா பல்கலைக்கழகமும் 2009இல் தொடங்கியது பாய்ம இயக்கவியலின் கணிதம். மியூன்ஸ்டரும் நகோயாவும் வேதியியலில் சேர்ந்தன. ஆகவே இது பொறியியல்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்து ஒதுங்கிப்போக வேண்டாம். அதே சமயம் இவை நிரந்தரப் படிப்புகளும் அல்ல. டி.எஃப்.ஜி. ஒரு குழுவுக்கு அதிகபட்சம் 9 ஆண்டுகள்தான் நிதி தரும், அதுவும் நடுவில் ஒரு மறு பரிசீலனை உண்டு. பழைய இணையப் பக்கத்தைப் பார்த்து, முடிந்துபோன திட்டத்தின் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவது அடிக்கடி நடக்கிற தவறு. அந்தக் குழு இப்போது எந்த ஆண்டில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

ஒரே திட்டம், இரண்டு பை

எல்லாத் தவறுகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: "கூட்டு" என்ற சொல்லைப் பார்த்ததும் பணமும் கூட்டாக ஒரே பானையில் இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். அப்படி இல்லை. ஜெர்மன் பணம் ஜெர்மன் தரப்புக்கு, ஜப்பான் பணம் ஜப்பான் தரப்புக்கு.

இதை நேரில் பார்த்தால்தான் உறைக்கும். ஒரே ஆய்வகம், ஒரே மேசை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மாணவர்கள். இருவரும் ஒரே திட்டம்தான். ஜெர்மன் தரப்பில் சேர்ந்தவருக்குப் பொதுவாகப் பல்கலைக்கழகத்தோடு வேலை ஒப்பந்தம் இருக்கும், ஈ 13 என்ற அரசுச் சம்பள விகிதத்தில், முழுச் சம்பளமாகவோ அதில் ஒரு பகுதியாகவோ. கல்விக் கட்டணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஓய்வூதியத்துக்குப் பிடித்தம்கூட நடக்கும். ஜப்பான் தரப்பில் சேர்ந்தவரோ சட்டப்படி மாணவர். தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு வகுத்த அடிப்படைக் கட்டணம் ஆண்டுக்கு 5,35,800 யென், சேர்க்கைக் கட்டணம் தனியாக 2,82,000 யென். கூட்டுத் திட்டத்திலிருந்து அவருக்குக் கிடைப்பது முக்கியமாகப் பயணச் செலவும் ஜெர்மனியில் தங்கும் செலவும்தான். மாதாமாதம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் அவர் வேறொரு உதவித்தொகையை நம்பித்தான் இருக்க வேண்டும். ஜே.எஸ்.பி.எஸ். பிஎச்.டி. மாணவர்களுக்குத் தரும் டி.சி. என்ற உதவித்தொகை அதில் ஒன்று. பல ஆண்டுகளாக அது மாதம் 2,00,000 யென் என்ற அளவில் இருந்துவந்தது, போட்டியும் கடுமையானது.

எந்தப் பக்கம் பெயரைப் பதிவுசெய்வது என்பதைப் பல்கலைக்கழகத்தின் புகழை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு யார் எந்தக் கணக்கிலிருந்து உங்களுக்குப் பணம் தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் ஊர்ப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். ஜெர்மனியில் அந்தக் கேள்வி யாருக்கும் உறுத்தாது. ஜப்பானில் பேராசிரியரிடம் நேராகக் கேட்கச் சங்கடமாக இருந்தால் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்கலாம், அந்த வேலைக்குத்தான் அவர் இருக்கிறார்.

பேராசிரியர்கள் தரப்பில் நடக்கும் தவறும் இதே வேரிலிருந்து வருவதுதான். பெயர் பெற்ற கூட்டாளி கிடைத்துவிட்டார் என்ற மகிழ்ச்சியில் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும்படி தலைப்பை அகலமாக வைத்துவிடுவார்கள். பரிசீலனைக் குழு கேட்பது எளிமையான கேள்வி: அந்த நாட்டில் இருக்கும் இவர்கள் இல்லாமல் இந்த ஆய்வு ஏன் நடக்காது? ஒரு பக்கம் அளவிடும் கருவி, மறுபக்கம் சேர்மத்தைச் செய்யும் கைத்திறன் என்று ஒன்றையொன்று நிரப்பினால் பதில் தானாக வரும். இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்தால் எத்தனை பக்கம் எழுதினாலும் பதில் வராது. மாணவர்களுக்கான பயிற்சித் திட்டத்தைக் கடைசி வாரத்தில் ஒட்டவைப்பதும் அதே அளவு கேடு. ஆய்வுக்கு எவ்வளவு எடையோ, பயிற்சிக்கும் அவ்வளவு எடை இங்கே உண்டு.

எப்போது போவது

இத்தகைய திட்டங்களின் உயிர், மாணவர் மறுநாட்டில் தங்கி வேலை செய்யும் சில மாதங்கள். ஜெர்மன் தரப்பில் பெரும்பாலும் ஆறு மாதத்தை ஒட்டி இருக்கும். அதை எப்போது வைப்பது என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

ஜப்பானில் நிதியாண்டும் கல்வியாண்டும் ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31 முடியும். பிப்ரவரி, மார்ச்சில் ஆய்வகத்துக்குள் நுழைந்து பாருங்கள்: ஆய்வேடு சமர்ப்பிப்பு, வைவா, நுழைவுத் தேர்வு, பட்டமளிப்பு, நிதிக் கணக்கு முடிப்பு, எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். உங்களுக்குக் கருவியைச் சொல்லித்தர வேண்டிய மூத்த மாணவரே அந்த நேரத்தில் தன் ஆய்வேட்டோடு தூக்கமில்லாமல் இருப்பார். ஏப்ரலில் அவர் வேலைக்குப் போய்விடுவார், அவரோடு அந்தக் கருவியைப் பற்றிய பாதி அறிவும் போய்விடும். ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரிலும் கோடைப் பருவம் ஏப்ரலிலும் தொடங்குகின்றன. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வகுப்பு இல்லை. ஜெர்மானிய மாணவர் கண்ணுக்கு அது போவதற்குத் தோதான காலமாகத் தெரியும். ஜப்பானில் அதுதான் மிக மோசமான காலம்.

என்னைக் கேட்டால் மே முதல் அக்டோபர் வரை, அல்லது செப்டம்பரில் போய் பிப்ரவரிக்குள் திரும்புவது நல்லது. ஆகஸ்ட் நடுவில் ஓபோன் விடுமுறை ஒரு வாரம் வரும், அதற்கு மட்டும் தயாராக இருங்கள். எந்த ஆண்டில் போவது என்பதும் முக்கியம். முதல் ஆண்டில் போனால் கையில் எதுவும் இருக்காது, ஊர் பார்த்துவிட்டு வரலாம். கடைசி ஆண்டில் போனால் அங்கே கிடைக்கும் முடிவை ஆய்வேட்டில் சேர்க்க நேரம் இருக்காது. இரண்டாம் ஆண்டு, சொந்த மாதிரிகளோ தரவோ கையில் இருக்கும்போது போவதே பயன்.

போகும் முன் அங்கே உங்களுக்குக் கைடு யார் என்பது பெயரோடு முடிவாகியிருக்க வேண்டும். "குழுவில் யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்பது பதில் இல்லை. ஒரு முறையாவது அவரோடு காணொளியில் பேசி, நீங்கள் செய்யப்போகும் முதல் சோதனை எது என்பதை ஒப்புக்கொண்டு கிளம்புங்கள். எடுத்துப்போகும் மாதிரிகள், மென்பொருள், தரவு ஆகியவற்றுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அனுமதி தேவையா என்பதை இரண்டு பல்கலைக்கழக அலுவலகங்களும் பார்ப்பார்கள். ஜப்பானில் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தொழில்நுட்பத்தைச் சொல்லித்தருவதும் சில சூழ்நிலைகளில் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது, 2022 மே மாதத்திலிருந்து அந்தச் சூழ்நிலைகள் கூடியிருக்கின்றன. கிளம்பும் வாரத்தில் அந்தப் படிவம் வந்தால் பதறுவீர்கள், மூன்று மாதம் முன்னால் வந்தால் அரை மணி நேர வேலை.

பட்டம் யார் தருவார்கள்

கூட்டுப் பயிற்சி என்றால் கூட்டுப் பட்டம் என்று அர்த்தம் இல்லை. இந்தத் திட்டங்களில் பட்டம் பொதுவாக நீங்கள் பதிவுசெய்த பல்கலைக்கழகத்துடையது மட்டுமே. இரண்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரே பட்டம் தருவதற்கு ஜப்பானில் 2014 நவம்பரில்தான் சட்டம் வழிவிட்டது, அதற்கென்று தனிப் படிப்பையே நிறுவ வேண்டும். ஒரே ஆய்வேடு, ஒரே வைவா, இரண்டு பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் என்ற இன்னொரு முறையும் ஜெர்மனியில் உண்டு. அதற்கு இரு தரப்பும் கையெழுத்திடும் தனி ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவின் ஆரம்பத்திலேயே போட வேண்டும். மூன்றாம் ஆண்டில் வந்து "எனக்கும் இரண்டு பெயரும் வருமா?" என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. தன்விவரக் குறிப்பில் இல்லாத பட்டத்தை எழுதிவிட்டு நேர்காணலில் தலைகுனிந்து நிற்பது அதைவிடக் கொடுமை.

பாஸ்போர்ட்டின் நிறம்

இது நம்மவர்களுக்கென்றே உள்ள பொறி. ஜெர்மன் பாஸ்போர்ட் உள்ள ஆய்வகத் தோழர் விசா இல்லாமல் ஜப்பானுக்குள் இறங்கலாம், அங்கேயே ஆறு மாதம் வரை நீட்டிக்கவும் அவருக்கு வழி உண்டு. ஜப்பானியத் தோழர் விசா இல்லாமல் ஜெர்மனிக்கு வந்து, வந்த பிறகு தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இருவரும் நல்ல மனதோடு "விசாவெல்லாம் பெரிய விஷயமில்லை" என்பார்கள். அவர்களுக்கு அது உண்மை. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு போகிறவருக்கு ஜப்பான் பல்கலைக்கழகம் முதலில் அங்குள்ள குடிவரவு அலுவலகத்தில், அங்கே தங்கத் தகுதி உண்டு என்ற சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். அதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் பிடிக்கும். அது கைக்கு வந்த பிறகுதான் ஜெர்மனியிலுள்ள ஜப்பான் தூதரகத்தில் விசா. போய் இறங்கி வீடு அமைந்ததும் 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் தங்குவோர் அங்கேயே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர வேண்டும். ஜெர்மன் அரசுக் காப்பீடு ஜப்பானில் செல்லாது. இரு நாடுகளுக்கும் இடையே 2000 பிப்ரவரியிலிருந்து ஒரு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தாலும் அது ஓய்வூதியத்துக்கானது, ஆஸ்பத்திரிச் செலவுக்கு அல்ல.

இன்னொன்று ஜெர்மனிப் பக்கம். ஜெர்மனியை விட்டு வெளியேறி ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் தங்கும் அனுமதி தானாகவே காலாவதி ஆகிவிடும். உயர் தகுதி வேலைக்காரர்களுக்கான நீல அட்டை என்ற அனுமதிக்கு அது பன்னிரண்டு மாதம். கடிதம் எதுவும் வராது, அட்டையில் அச்சிட்ட தேதி அப்படியேதான் இருக்கும்.

எனக்குத் தெரிந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அக்டோபர் 1 அன்று ஜப்பான் போனார். மார்ச் 28 வரை அங்கே வேலை. அங்கிருந்து நேராக ஊருக்குப் போய், ஏப்ரலில் தங்கையின் கல்யாணத்தை முடித்துக்கொண்டு 20ஆம் தேதி ஜெர்மனி திரும்புவதாகத் திட்டம். ஜப்பானில் இருப்பது ஆறு மாதத்துக்கும் குறைவுதானே என்று நிம்மதியாக இருந்தார். சட்டம் எண்ணுவது ஜப்பானில் இருந்த நாளை அல்ல, ஜெர்மனியில் இல்லாத நாளை. டிசம்பரில் ஒருங்கிணைப்பாளர் அம்மா சும்மா பேச்சுவாக்கில் "எப்போது திரும்புகிறாய்?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நீண்ட காலக்கெடு வேண்டும் என்று வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுதினார், கூடவே பேராசிரியரின் கடிதத்தையும் வேலை ஒப்பந்தத்தின் நகலையும் அனுப்பினார். ஐந்து வாரம் பதில் இல்லை. ஆறாவது வாரம் ஒரு பக்கக் கடிதம் வந்தது: ஏப்ரல் 30க்குள் திரும்பினால் அனுமதி செல்லும். அதை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டுதான் கல்யாணத்துக்குப் போனார். திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில் கவுன்ட்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டது அந்தக் காகிதத்தைத்தான்.