பாக்ஸ் ஸ்கோரை எப்படிப் படிப்பது

பாக்ஸ் ஸ்கோர் என்பது ஒரு கூடைப்பந்து ஆட்டத்தில் ஒவ்வொரு வீரரும் என்ன செய்தார் என்று காட்டும் அட்டவணை. அதில் புள்ளிக் கட்டத்தை முதலில் பார்க்காதீர்கள். வீசிய கணக்கிலிருந்து தொடங்குங்கள். 2006 ஜனவரி 22 அன்று டொராண்டோ அணிக்கு எதிராக லேக்கர்ஸ் வீரர் கோபி பிரையன்ட் 81 புள்ளி எடுத்தாரே, அந்த வரியையே எடுத்துக்கொள்வோம்: ஃபீல்டு கோல் (ஆட்ட ஓட்டத்தில் வீசியவை) 28-46, அதாவது 46 வீசி 28 உள்ளே; மூன்று புள்ளி (தூரத்திலிருந்து வீசியவை) 7-13; ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் ஒரு புள்ளி வீச்சு) 18-20.

முதல் தடவை நான் கூட்டியபோது 95 வந்தது! அந்த 7 மூன்று புள்ளி வீச்சுகளும் 28-க்குள்ளேயே அடக்கம் என்று எனக்குத் தெரியாது. சரியான கணக்கு: 28-ஐ இரண்டால் பெருக்கினால் 56, மூன்று புள்ளி வீச்சுகளுக்குக் கூடுதலாக 7, ஃப்ரீ த்ரோ 18. மொத்தம் 81.

அப்புறம் திறனைப் பாருங்கள். மூன்று புள்ளி வீச்சு இரண்டு புள்ளி வீச்சைப்போல் ஒன்றரை மடங்கு என்பதால், 28-உடன் 7-இல் பாதியைக் கூட்டி 46-ஆல் வகுத்தால் 68.5 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே ஓரளவு பரவாயில்லை, இதெல்லாம் அசுரத்தனம்.

அணி வரியில் நான் தேடுவது இரண்டுதான்: டர்ன்ஓவர் (வீசாமலேயே பந்தை எதிரணியிடம் இழப்பது), எதிரணியின் வளையத்தடியில் தன் அணி பிடித்த ரீபவுண்டு (உள்ளே போகாமல் திரும்பிய பந்து). ஒரே சதவீதத்தில் வீசிய இரு அணிகளில் ஒன்று தோற்றால், காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பிளஸ்-மைனஸை, அதாவது ஒரு வீரர் களத்தில் இருந்தபோது இரு அணிகளும் எடுத்த புள்ளிகளின் வித்தியாசத்தை, ஒரே ஆட்டத்தில் நம்பாதீர்கள். கூட ஆடிய நால்வர் சொதப்பினாலும் அது இவர் பெயரில்தான் ஏறும்.