கொழும்பில் இருந்தபடியே பூர்வீக ஊரின் சரித்திரத்தை எழுத

கொட்டாஞ்சேனையில் நம்மவர் வீடுகளில் "பூர்வீகம் இந்தியா" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. எந்த ஊர் என்று பிள்ளைகள் கேட்டால், வீட்டில் இருக்கும் மூத்தவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். எங்கள் பூர்வீகம் திருமயம் தாலுகா. அதை வைத்தே முறையைச் சொல்கிறேன்.

வெறும் ஊர்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும். தாலுகாவைப் பிடியுங்கள். பழைய கடிதங்கள், இந்தியப் பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரிகை, பேப்பரில் வந்த மரண அறிவித்தல் என்று எதில் வேண்டுமானாலும் அது கிடைக்கும். அப்பாயியின் தகரப் பெட்டியில் இருந்த கடிதங்களில் எங்கள் ஊருக்கு மூன்று விதமான விலாசம்: புதுக்கோட்டை சமஸ்தானம், திருச்சி ஜில்லா, புதுக்கோட்டை மாவட்டம். மூன்றும் சரிதான். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட அந்தப் புதுக்கோட்டை சமஸ்தானம் 1948இல் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தது, 1974இல் தனி மாவட்டமானது. தேதி அழிந்துபோன கடிதத்தின் காலத்தைக்கூட விலாசத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். ராமநாதபுரத்திலிருந்து சிவகங்கையும் விருதுநகரும் 1985இல் பிரிந்தன, திருச்சியிலிருந்து பெரம்பலூர் 1995இல். பின்கோடு எழுதியிருந்தால் அந்தக் கடிதம் 1972க்குப் பிந்தியது. 622 என்று தொடங்கினால் புதுக்கோட்டைப் பக்கம்.

பரப்பளவு, சனத்தொகை போன்ற விபரங்களுக்கு 2011 இந்தியக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு போதும். இணையத்தில் இலவசமாகவே இறக்கலாம்.

இனி ஊரின் நிலத்துக்கு வருவோம். இதில் அவசரப்படாதீர்கள். ஆற்றுப் பாசனம் இல்லாத எங்கள் பக்கத்து ஊர்களைப் பிழைக்க வைத்தது கண்மாய், அதாவது மழைத் தண்ணீரைக் கரை போட்டுத் தேக்கும் பாசனக் குளம். கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, வில்லாக வளைந்த கரையைத் தேடுங்கள். கரை போட்டிருக்கும் பக்கம்தான் தாழ்வு, வயல்கள் அதற்குக் கீழே. கரைக்கு எதிர்ப்பக்கம் திறந்து கிடக்கும், அங்கிருந்துதான் வரத்து வாய்க்கால் வரும். அப்புறம் ஊரில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் பேசுங்கள். "ஊர் எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். நான் கேட்டது இப்படி: "சித்தப்பா, நம்ம கண்மாய்க்குத் தண்ணி எந்த ஊர்லருந்து வருது? கலிங்கு எந்தப் பக்கம்? மறுகால் போனா யாரோட கண்மாய்க்குப் போகும்?" (கண்மாய் நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழியும் இடம் கலிங்கு, அப்படி வழிந்து போகும் தண்ணீர் மறுகால்.) அவர் அரை மணி நேரம் பேசினார். பக்கத்து ஊரோடு இருந்த சண்டை, சம்பந்தம் எல்லாம் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து வந்தது.

கண்மாய்க்குள் நட்டிருக்கும் கல்தூண்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குமிழித் தூம்பு என்பார்கள், மடைக்குத் தண்ணீர் திறந்துவிட்ட இடம் அது. புதுக்கோட்டை வட்டாரத்தில் இப்படிப்பட்ட சில தூண்களில் அதைச் செய்து கொடுத்தவர் பெயர் வெட்டப்பட்டிருக்கும். எழுத்து தெரிந்தால் சுண்ணாம்போ மாவோ பூச வேண்டாம், சாய்வெயிலில் படம் எடுத்தாலே போதும். புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுகள் 1929இலேயே நூலாக அச்சாகிவிட்டன. ஊர்க் கோயில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தெருக்களை எழுதும்போது ஊர் வேறு, சேரி வேறு என்று இருந்ததை மறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இலங்கைக்குத் தோட்ட வேலைக்கு வந்தவர்களில் பலர் சொந்த நிலம் இல்லாதவர்கள். யார் போனார்கள், ஏன் போனார்கள் என்பதற்கு விடை அந்தத் தெருக்களில்தான் இருக்கிறது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி வீட்டில் ஏதாவது கதை உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.

வந்த வருஷம் தெரியாவிட்டால் வழியைக் கேளுங்கள். ரயிலில் தனுஷ்கோடி வரை வந்து, கப்பலில் தலைமன்னாரில் இறங்கியவர்கள் 1914க்கும் 1964 டிசம்பர் புயலுக்கும் இடையில் வந்தவர்கள். ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறியது என்றால் அது புயலுக்குப் பிந்திய பயணம். இலங்கைக்கு வருகிறவர்களைக் கப்பல் ஏறுமுன் தங்கவைத்த மண்டபம் முகாமில் தங்கிய நினைவு இருந்தால் அதையும் எழுதுங்கள்.

ஊரில் உள்ளவர்கள் எழுதும் சரித்திரத்தில் போனவர்கள் வரமாட்டார்கள். அந்தப் பக்கத்தை நாம்தான் எழுத வேண்டும்: பெயர், தெரு, போன வருஷம், சேர்ந்த தோட்டம் அல்லது கடை. எழுதி முடித்ததும் ஒரு பிரதியை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.