உப்புத் தொட்டியை நன்னீருக்கு மாற்றினேன்

பச்சைப் பஃபர், ஸ்காட், கூடவே சில மாலி என்று மீன்கள் இருந்த என் 200 லிட்டர் உவர்நீர்த் தொட்டியை நன்னீராக்க முடிவுசெய்ததும் முதலில் பஃபருக்கும் ஸ்காட்டுக்கும் வேறு இடம் தேடினேன். குட்டியில் நன்னீரைத் தாங்கினாலும் வளர வளர இரண்டுமே உப்பு கேட்கும், போதாக்குறைக்கு பஃபர் மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துவைக்கும். மாலிக்கு எந்த நீரும் சரி, அது அப்படியே இருந்தது.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாக மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் ஒன்றும் மாறாது, பழைய நீரை வெளியே எடுக்கத்தான் வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 சதவீதம் எடுத்துவிட்டு குளோரின் நீக்கிய நீரை ஊற்றினேன், நீரின் அடர்த்தியை வைத்து உப்பளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.006 இலிருந்து 1.000 பக்கம் வரும்வரை. அவசரப்படாததற்குக் காரணம் மாலி மட்டுமல்ல, மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை மாற்றும், ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியாவும்தான். உப்பளவு திடீரென மாறினால் அதன் வேலை தடுமாறும். நடுவில் அம்மோனியா லேசாக ஏறியது, தீனியைக் குறைத்ததும் இறங்கியது.

அடியில் கிடந்த பவளத் துணுக்கை எடுக்கவில்லை. அது நீரின் கடினத்தன்மையை ஏற்றிவைக்கும், எங்கள் சென்னை போர் தண்ணீரும் ஏற்கெனவே கடினம்தான். சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரில் நியான் டெட்ராவைப் பார்த்தால் கை துறுதுறுக்கும், ஆனால் அது மென்னீர் மீன். பிளாட்டி, வாள்வால், குப்பி எல்லாம் இந்த நீருக்கு நன்றாகப் பொருந்தும். குப்பியில் ஆண் மீனை மட்டும் வாங்குங்கள், இல்லையென்றால் குட்டிகளை எங்கே கொடுப்பது என்று அலையவேண்டும்.