பிஎஸ்டபிள்யூவிலிருந்து ஸ்பான்சர் விசாவுக்கு: நம் மலைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேயிலை நிலத்தின் பேரில் கடன் வாங்கிப் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு மாஸ்டர்ஸ் படிக்க அனுப்பிய வீடுகள் நிறைய. படிப்பு முடிந்ததும் கிராஜுவேட் விசா கிடைக்கிறது. 2021 ஜூலையில் வந்த விசா இது. பிள்ளைகள் வாயில் இன்னும் பழைய பெயர்தான், பிஎஸ்டபிள்யூ, அதாவது படிப்புக்குப் பிந்தைய வேலை விசா. அதிலிருந்து, கம்பெனி ஸ்பான்சர் செய்யும் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு மாறும்போதுதான் சறுக்கல். நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை இன்று புதிதாகப் போகிறவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். பாஸ்போர்ட் காலாவதி, பெயரில் எழுத்துப்பிழை போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. யாராவது ஒருமுறை சொன்னாலே அவை சரியாகிவிடும்.

பிஎஸ்டபிள்யூவில் கழித்த மாதங்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்ப வரும் தவறு இது. எரிச்சல் இன்னும் தீரவில்லை.

ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு 2025 ஜூலை 22 முதல் பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 41,700 பவுண்டு. ஆனால் விண்ணப்பிக்கும்போது 26 வயது ஆகாதவர்களுக்கும், மாணவர் விசாவிலிருந்தோ பிஎஸ்டபிள்யூவிலிருந்தோ மாறுகிறவர்களுக்கும் ‘புதிதாக வருபவர்’ என்ற சலுகை உண்டு. அவர்களுக்கு 33,400 பவுண்டு, அல்லது அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த சம்பளத்தில் 70 சதவீதம். இரண்டில் எது அதிகமோ அது இருந்தால் போதும். இதுவரை எல்லாருக்கும் தெரியும். வாட்ஸாப்பில் சுற்றும் செய்தியும் இதோடு நின்றுவிடும்.

அந்தச் சலுகைக்கு ஆயுள் மொத்தம் நான்கே ஆண்டு. அந்த நான்கில் பிஎஸ்டபிள்யூ காலமும் சேரும். மாணவர் விசாவில் இருந்த காலம் சேராது. பிஎஸ்டபிள்யூவைப் பலர் ‘இரண்டு வருஷம் ஃப்ரீ’ என்று நினைக்கிறார்கள். அதன் ஒவ்வொரு மாதமும் இந்தச் சலுகையைத்தான் தின்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பிஎஸ்டபிள்யூவில் 22 மாதம் ஓடிவிட்டது. கம்பெனி மனமிரங்கி 36,000 பவுண்டு சம்பளத்தில் மூன்று ஆண்டுக்கு சிஓஎஸ், அதாவது ஸ்பான்சர்ஷிப் சான்று, போட்டுத் தருகிறது. வீட்டில் சர்க்கரைப் பொங்கல். ஆனால் 22-உம் 36-உம் சேர்ந்தால் 58 மாதம்; எல்லை 48. அதிகாரி இதை 26 மாதமாகக் குறைத்துத் தருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். சலுகையே பொருந்தாமல் போய்விடும். உங்களை 41,700-ஐ வைத்து அளப்பார்கள், 36,000 அதற்குக் கீழே, விண்ணப்பம் தள்ளுபடி.

அப்போது போகும் பணம் என்ன? இங்கிலாந்துக்குள்ளேயே மாறுகிறவர்களுக்கு மூன்று ஆண்டு வரைக்குமான விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 885 பவுண்டு ஆனது. அது திரும்பாது. மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம் 3,105 பவுண்டு. இது மட்டும் திரும்பி வரும். பச்சைத் தேயிலைக் கிலோ விலையில் கணக்குப் பார்க்கும் அப்பாவிடம் போய் இதை விளக்கிச் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய அடி, அதற்குள் பிஎஸ்டபிள்யூ தேதியும் முடிந்திருக்கும் என்பது. 14 நாளுக்குள் 80 பவுண்டு கட்டி மறுஆய்வு கேட்கலாம்தான். ஆனால் அதிகாரி செய்த தவறைத்தான் மறுஆய்வு திருத்தும், கம்பெனி செய்த கூட்டல் தவறை அல்ல.

செய்ய வேண்டியது இதுதான். 48-லிருந்து பிஎஸ்டபிள்யூ மாதங்களைக் கழியுங்கள். வந்த எண்ணில் இன்னும் ஒரு மாதமாவது குறைத்துக்கொள்ளுங்கள். சிஓஎஸ் முடிந்த பிறகும் 14 நாள் சேர்த்துத்தான் விசா தருவார்கள், முடிவு வரவும் வாரங்கள் ஆகும்; அந்த இடைவெளிக்குத்தான் இந்த ஒரு மாதம். மேலே சொன்னவர் 26-இல் இரண்டைக் குறைத்து 24 மாத சிஓஎஸ் கேட்டிருக்க வேண்டும். பிஎச்டி முடித்தவர்களுக்கு பிஎஸ்டபிள்யூவே மூன்று ஆண்டு. அதை முழுக்க ஓட்டிவிட்டால் சலுகையில் மிச்சம் ஒரே ஓராண்டுதான்.

சிஓஎஸ் என்பது காகிதம் இல்லை, ஒரு எண். பலர் அந்த எண்ணை மட்டும் வாங்கி விண்ணப்பத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் விவரங்களைக் கம்பெனியிடம் நகலாகக் கேளுங்கள். தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, வேலைக் குறியீடு, சம்பளம், வார வேலை நேரம் ஆகிய ஐந்தையும் விரல் வைத்துப் படியுங்கள்.

வார நேரத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அரசு நிர்ணயித்த சம்பளம் வாரம் 37.5 மணி நேரத்துக்கானது. கோத்தகிரிப் பையன் ஒருவரின் சிஓஎஸ்ஸில் 40 மணி என்றிருந்தது. உதாரணமாக அந்த வேலைக்கு 50,000 என்று வையுங்கள். 70 சதவீதம் 35,000. தன் சம்பளம் 36,000, தாண்டிவிட்டோம் என்று நினைத்தார். 40 மணிக்கு அந்த 50,000 என்பது 53,333 ஆகிறது. அதில் 70 சதவீதம் 37,333. விண்ணப்பிக்கும் முன்பே கண்ணில் பட்டதால் தப்பித்தார். போனஸ், ஓவர்டைம், வாடகைப் படி எதையும் இதில் சேர்க்க முடியாது. உறுதியான அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் கணக்கு.

சலுகைக் காலம் முடிந்து நீட்டிக்கும்போது முழுச் சம்பளம் வேண்டும்: 41,700 அல்லது நிர்ணயித்த முழுத் தொகை, எது அதிகமோ அது. ‘அப்போ பாத்துக்கலாம்’ என்று மேனேஜர் வாயால் சொன்னதை நம்பி இருக்காதீர்கள். எந்த மாதத்தில் எவ்வளவு உயரும் என்பதை இப்போதே மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான ஐந்து ஆண்டுக் கணக்கிலும் பிஎஸ்டபிள்யூ சேராது. அந்த ஐந்தையே பத்தாக்கப் போவதாக 2025 மே வெள்ளை அறிக்கை சொல்லியிருக்கிறது என்பது வேறு.

இன்னொன்றும் உண்டு. படிப்பு முடியும் தறுவாயிலேயே வேலை கிடைத்துவிட்டால் பிஎஸ்டபிள்யூவே எடுக்க வேண்டாம். மாணவர் விசாவிலிருந்து நேராக மாறலாம். வேலை தொடங்கும் தேதி படிப்பு முடிந்த பிறகு இருந்தால் போதும். நான்கு ஆண்டுச் சலுகையும் முழுதாகக் கையில் நிற்கும். கம்பெனிக்கும் லாபம். பிஎஸ்டபிள்யூவிலிருந்து வருபவருக்குக் கம்பெனி கட்ட வேண்டிய திறன் கட்டணம் 2025 டிசம்பர் 16 முதல் பெரிய நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 1,320 பவுண்டு, சிறியதற்கு 480. மாணவர் விசாவிலிருந்து அங்கேயே மாறுகிறவருக்கு இது கிடையாது. ‘ஸ்பான்சர் செய்ய செலவு அதிகம்’ என்று இழுக்கும் முதலாளியிடம் இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள். பல ஹெச்ஆருக்கே தெரியாது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிற இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு பிஎஸ்டபிள்யூ 18 மாதமாகச் சுருங்குகிறது. அவர்களுக்கு இந்த நேர்வழி இன்னும் முக்கியம்.

கடைசி மாதத்தில் லைசென்ஸ் பற்றிக் கேட்பது

பிஎஸ்டபிள்யூவை நீட்டிக்க முடியாது. கம்பெனியிடம் ஸ்பான்சர் லைசென்ஸ் இல்லையென்றால் அதை வாங்கவே வழக்கமாக எட்டு வாரம் ஆகும். லைசென்ஸ் இருப்பதாகச் சொன்னாலும் அரசின் பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள். பெயருக்கு நேராக ஸ்கில்டு ஒர்க்கர் என்று இருக்க வேண்டும். வேறு வகை லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு ‘எங்களிடம் இருக்கிறது’ என்பவர்கள் உண்டு. உள்நாட்டில் மாறுகிறவர்களுக்கான சிஓஎஸ்ஸில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஆண்டுக்கு இத்தனை என்று ஒதுக்கீடு இருக்கிறது. அது தீர்ந்திருந்தால் கூடுதலாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆறு மாதம் முன்பே பேச்சைத் தொடங்குங்கள். கையில் வந்த சிஓஎஸ்ஸை மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

வேலைப் பெயரைத் தூக்கிக் காட்டுவது

2025 ஜூலை 22-க்குப் பிறகு புதிதாக இந்த விசாவுக்கு வருகிறவர்களுக்குப் பட்டப்படிப்பு நிலை வேலைகள்தான் பொதுவாகத் தகுதி பெறும். சமையல் கலைஞர் வேலை அந்த நிலையில் வராது. உடனே சிலர் கவுன்டரில் பில் போடும் வேலைக்கு ‘மார்க்கெட்டிங் மேனேஜர்’ குறியீடு போடச் சொல்கிறார்கள். கூடலூர்ப் பெண் ஒருவருக்கு அப்படித்தான் போட்டார்கள். யாரை மேற்பார்வை பார்க்கிறீர்கள், பட்ஜெட் எவ்வளவு என்று கேள்வி வந்தது, பதில் இல்லை. உண்மையான வேலை இல்லை என்று முடிவானால் கம்பெனியின் லைசென்ஸுக்கும் ஆபத்து. அங்கே ஸ்பான்சரில் இருக்கும் மற்றவர்களும் சேர்ந்து விழுவார்கள்.

சிஓஎஸ்ஸுக்குக் காசு கொடுப்பது

கொடுக்காதீர்கள். விசாக் கட்டணமும் மருத்துவக் கட்டணமும் உங்களுடையவை. திறன் கட்டணத்தை உங்களிடம் வசூலிக்கக் கூடாது. 2024 டிசம்பர் 31 முதல் லைசென்ஸ், சிஓஎஸ் கட்டணங்களையும் உங்கள் தலையில் கட்டக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்டு உங்களுக்கு விற்பது வேலையை அல்ல.

விண்ணப்பித்துவிட்டு ஊருக்கு வருவது

தந்தி மாரியம்மன் திருவிழாவாக இருந்தாலும் சரி, தங்கை கல்யாணமாக இருந்தாலும் சரி, முடிவு வரும் வரை விமானம் ஏறாதீர்கள். அயர்லாந்து, ஐல் ஆஃப் மேன், சேனல் தீவுகள் தவிர வேறெங்கு போனாலும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகக் கொள்வார்கள். வழக்கமாக முடிவுக்கு எட்டு வாரம். பிஎஸ்டபிள்யூ முடியும் முன்பே விண்ணப்பித்திருந்தால் அதுவரை பழைய நிபந்தனைகளோடு வேலை பார்க்கலாம்.

அம்மாவை ஊட்டிக்கு அலையவிடுவது

சான்றுகளுக்காக அந்த அலைச்சல் தேவையில்லை. இங்கிலாந்துக்குள் மாறுகிறவர்களுக்குக் காசநோய்ச் சான்று வேண்டாம், ஊர் போலீஸ் சான்றும் வேண்டாம். முறையான விசாவில் 12 மாதம் அங்கே இருந்துவிட்டால் 1,270 பவுண்டை 28 நாள் வங்கியில் வைத்துக் காட்டவும் வேண்டாம். ஊருக்கு வந்து இங்கிருந்து விண்ணப்பிக்கிறவர்களின் பட்டியலை அங்கே இருப்பவருக்கு அனுப்பிவிடுவதால் வரும் குழப்பம் இது.

மாறிய பிறகும் டெலிவரி ஓட்டுவது

பிஎஸ்டபிள்யூவில் சுயதொழில் செய்யலாம். ஸ்பான்சர் விசாவில் சுயதொழிலாகச் சாப்பாட்டுப் பை சுமந்தால் விதிமீறல். கூடுதல் வேலை வேண்டுமென்றால் தகுதியுள்ள குறியீட்டில், வேறு முதலாளியிடம் சம்பளத்துக்கு, வாரம் 20 மணி வரை.

சம்பளமில்லா விடுப்பு

ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் நான்கு வாரத்தைத் தாண்டினால், பிரசவம், நோய் போன்ற சில காரணங்கள் தவிர, கம்பெனி ஸ்பான்சர்ஷிப்பை நிறுத்தியாக வேண்டும். டிசம்பரில் மூன்று வாரம், ஜனவரியில் மூன்று வாரம் என்று பிரித்தால் இரண்டும் வெவ்வேறு ஆண்டு. ஒரே ஆண்டின் ஏப்ரலிலும் மேயிலும் சேர்த்து ஆறு வாரம் என்றால் அப்படி இல்லை. டிக்கெட் போடும் முன் ஹெச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.